ஹைபிரிட் எஞ்சின் ஏன் எல்லாக் கார்களிலும் இல்லை? பெங்களூர் அல்சூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று ஆண்டுகளாக ஒரு ஸ்டிராங் ஹைபிரிட் கார் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ளது, மோட்டாரில் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடவும் கூடியது) வைத்திருக்கிறேன். அதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டுகள் பீனியாவில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். இந்த இரண்டும் ஊருக்குத் தெரிந்துபோனதால், அல்சூரில் எங்கள் தெருவில் யார் கார் வாங்கினாலும் முதலில் என் வீட்டு மணியைத்தான் அடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காபி, அதே கேள்விகள், அதே பதில்கள். காபித் தூள் விற்கும் விலைக்கு எழுதிக் கொடுத்துவிடுவதே மலிவு என்று தோன்றியது.

ஹைபிரிட் எஞ்சின் என்று தனியாக ஓர் எஞ்சின் உண்டா?

கிடையாது. எஞ்சின் பழைய பெட்ரோல் எஞ்சின்தான். அதற்குத் துணையாக மின் மோட்டார்கள், ஒரு பேட்டரி, இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் ஆகியவை சேர்கின்றன. மேட்டில் வண்டி திணறும்போது இறங்கிப் பின்னால் தள்ளும் ஆள் போன்றது மோட்டார்.

ஆனால் அந்த ஆள் எப்போதும் கூடவே இருப்பான் என்று தெரிந்ததும், எஞ்சினையே வேறு மாதிரி செய்ய முடிகிறது. ஹைபிரிட் கார்களில் பெரும்பாலும் அட்கின்சன் சுழற்சி என்ற முறை உண்டு. காற்று உள்ளே வரும் வால்வைச் சற்றுத் தாமதமாக மூடுவார்கள். எரிபொருளின் சக்தி அதிகமாகப் பயன்படும். ஆனால் குறைந்த வேகத்தில் இழுவை இருக்காது. தனியாக விட்டால் எவரும் இப்படி ஓர் எஞ்சினை வாங்க மாட்டார்கள். அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் முதல் இன்றுவரை அடிப்படை இதுதான்.

பெட்ரோல் எங்கே மிச்சமாகிறது? சக்தியை எங்கிருந்தோ இலவசமாகக் கொண்டு வருகிறார்களா?

என் மைத்துனர் கேட்ட கேள்வி. அவர் கணக்காளர், வரவு எங்கே என்று கேட்காமல் இருக்க மாட்டார். நியாயமான சந்தேகம், ஏனென்றால் இந்தக் காரைப் பிளக்கில் செருகுவதில்லை. உள்ளே போவது பெட்ரோல் மட்டுமே.

மிச்சமாவது வீணாகப் போவதிலிருந்து. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அந்த வேகத்தை அடைய எஞ்சின் எரித்த பெட்ரோல் ஏறத்தாழ 14 மில்லி. ஒரு மேசைக்கரண்டி அளவு. முன்னால் ஒரு பஸ் நின்றுவிட்டது, பிரேக் மிதிக்கிறீர்கள். அந்த மேசைக்கரண்டிப் பெட்ரோல் வாங்கித் தந்த வேகம் முழுவதும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. மறுபடி கிளம்ப இன்னொரு கரண்டி. எழுபது முறை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் காலி. ஹைபிரிட் காரில் பிரேக் மிதித்தவுடன் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்தக் கரண்டியில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. முழுவதும் திரும்புவதில்லை, ஆனால் கணிசமாகத் திரும்புகிறது.

அடுத்தது, நிற்கும்போது எரிவது. சில்க் போர்டு சந்திப்பில் மாலை ஆறரை மணிக்கு நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏசியுடன் நின்றபடியே ஓடும் சாதாரண எஞ்சின் ஒரு மணி நேரத்தில் முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். என் காரில் ஏசியின் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் தூங்கிவிடும், குளிர் மட்டும் வந்துகொண்டிருக்கும். சில நிமிடங்கள் கழித்துப் பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானே விழித்து, கொஞ்சம் ஊட்டிவிட்டு மீண்டும் படுத்துக்கொள்ளும். டாஷ்போர்டில் அம்புக்குறிகள் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மேம்பாலத்தைக் கடந்துவிடலாம். வாங்கிய புதிதில் அதைப் பார்த்துக்கொண்டிருந்து, பின்னாலிருந்த ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் அர்ச்சனை வாங்கியிருக்கிறேன்.

இவ்வளவு நல்லதென்றால் எல்லாக் கார்களிலும் பொருத்திவிட வேண்டியதுதானே?

காரணம் விலை. மற்ற காரணங்கள் எல்லாம் அதன் பிள்ளைகள்.

ஒரு காரில் இரண்டு இயக்க ஏற்பாடுகளை வைத்து விற்கிறார்கள். எஞ்சினும் வேண்டும், பெட்ரோல் தொட்டியும் வேண்டும், புகைக்குழாயும் வேண்டும். அதற்கு மேல் காந்தங்கள் பொதிந்த இரண்டு மோட்டார்கள், நூற்றுக்கணக்கான வோல்ட்டைக் கையாளும் இன்வெர்ட்டர், ஆரஞ்சு நிறத்தில் தடித்த மின்கம்பிகள், மின்சாரக் கம்ப்ரசர், மோட்டாரும் பிரேக்கும் சண்டை போடாமல் பங்கு பிரித்துக்கொள்ளும் தனி பிரேக் அமைப்பு, இவற்றுக்கெல்லாம் குளிரூட்டல். பேட்டரிதான் விலை என்று பலர் நினைக்கிறார்கள். மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்டிராங் ஹைபிரிட்டில் உள்ள பேட்டரியின் கொள்ளளவு 0.76 கிலோவாட் மணி. நம் வீட்டு மீட்டர் கணக்கில் முக்கால் யூனிட். ஒரு கீசரை அரை மணி நேரம் ஓட்டக்கூடக் காணாது. செலவு மற்றவற்றில்தான் ஒளிந்திருக்கிறது.

சில பாகங்கள் குறையவும் செய்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். டொயோட்டா வகை ஹைபிரிட்டில் ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் இல்லை, கிளட்ச் இல்லை, படிப்படியான கியர்களும் இல்லை. ஒரு பல்சக்கரத் தொகுதி எல்லா வேலையையும் செய்கிறது: நடுவில் சூரியன் போல ஒரு சக்கரம், அதைச் சுற்றிக் கோள்கள் போலச் சில, வெளியே ஒரு வளையம். எஞ்சின், மோட்டார், சாலைச் சக்கரம் மூன்றும் அதன் வழியாகப் பேசிக்கொள்கின்றன. சோதனை மேசையில் முதன்முதலாக அதைப் பிரித்துப் பார்த்தபோது, இவ்வளவுதானா என்று ஏமாற்றமாகவே இருந்தது. இருந்தாலும் கூட்டிக் கழித்தால் சேர்ந்தவற்றின் விலையே அதிகம். கடைக்கு வரும்போது அது இரண்டு, மூன்று லட்ச ரூபாய் வித்தியாசமாக நிற்கிறது.

சின்னக் கார்களில்தானே முதலில் வர வேண்டும்? ஏழைக்குத்தானே மைலேஜ் வேண்டும்?

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. பதினெட்டு லட்ச ரூபாய்க் காரில் இரண்டரை லட்சம் கூடினால் வாங்குபவர் முகம் சுளித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். ஐந்து லட்ச ரூபாய்க் காரில் கூடினால் கடையை விட்டு எழுந்து போய்விடுவார். அதுவும் சின்னக் கார் ஏற்கெனவே சிக்கனம். ஆல்டோ கே10 சோதனைக் கணக்கில் லிட்டருக்கு 24 கி.மீ.க்கு மேல் தருகிறது. எடை குறைந்த காரில் பிரேக் மிதித்தால் வீணாகும் கரண்டியும் சிறிது. மீட்பதற்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை. 2 லிட்டர் எஞ்சினோடு ஏழெட்டுப் பேரை ஏற்றும் இன்னோவா ஹைக்ராஸில் உண்டு: சாதாரண பெட்ரோல் வகை லிட்டருக்கு 16 கி.மீ. சொச்சம், ஹைபிரிட் வகை 23 கி.மீ. சொச்சம்.

இன்னொரு போட்டியாளரும் இருக்கிறார்: சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு. ஒரு சிலிண்டரும் சில குழாய்களும் வைக்க ஆகும் கூடுதல் விலை ஒரு லட்சத்தை ஒட்டியது. ஜப்பானில் பிரியஸுக்கு இப்படி ஒரு பங்காளி கிடையாது.

எனக்குக் கட்டுபடியாகுமா?

எவ்வளவு ஓட்டுகிறீர்கள், எங்கே ஓட்டுகிறீர்கள் என்று சொன்னால் சொல்கிறேன். வசதிக்காகப் பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரில் அதற்கு மேல்தான். விலை வித்தியாசம் இரண்டரை லட்சம். நகருக்குள் சாதாரண ஆட்டோமேட்டிக் 11 கி.மீ., ஹைபிரிட் 20 கி.மீ. இது என் நோட்டுப் புத்தகத்தில் உள்ள கணக்கு. விளம்பரத்தில் வரும் 27, 28 எல்லாம் ஆய்வுக்கூடத்து எண்கள்.

ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டினால் 409 லிட்டர் மிச்சம், அதாவது 41,000 ரூபாய். போட்ட பணம் திரும்ப ஆறு ஆண்டுகள். 20,000 கி.மீ. ஓட்டினால் மூன்று ஆண்டுகள். அலுவலகத்துக்கு மெட்ரோவில் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கடைக்குமாக ஆண்டுக்கு 5,000 கி.மீ. ஓட்டுபவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். எதிர்வீட்டு அண்ணனுக்கு இதைத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு ஹைபிரிட்டே வாங்கினார். நிறம் பிடித்திருந்ததாம்.

சேலத்துக்கு அடிக்கடி போகிறோம். நெடுஞ்சாலையில் எப்படி?

ஓசூரைத் தாண்டி ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்கே மிதிப்பதில்லை, எதை மீட்பது? எஞ்சின்தான் முழுநேரமும் உழைக்கிறது. அட்கின்சன் முறையால் ஓரளவு மிச்சம் உண்டு, அவ்வளவுதான். சாதாரணக் கார் 17 கி.மீ. தரும் இடத்தில் என்னுடையது 19, 20 தருகிறது. நெடுஞ்சாலை ஓட்டத்தை மட்டுமே நம்பினால் அந்த இரண்டரை லட்சத்தை உங்கள் பேரன்தான் வசூலிப்பான்.

மலை இறக்கத்தில் இன்னொரு வேடிக்கை. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். நாலு பேரோடு இறங்கும் கார் அவ்வளவு உயரத்திலிருந்து விட்டுக்கொடுக்கும் சக்தியைக் கணக்குப் போட்டால் நாலு யூனிட்டுக்கு மேல். நம்மிடம் உள்ள பாத்திரமோ முக்கால் யூனிட். சில வளைவுகளிலேயே பேட்டரி நிரம்பி, பிறகு இறங்குவதெல்லாம் வழிந்து ஓடுகிறது. எஞ்சின் பெட்ரோல் இல்லாமல் சும்மா சுழன்று வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். அந்த உறுமலைக் கேட்டு அத்தை, கார் கெட்டுவிட்டது என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டார். பெரிய பேட்டரி வைக்கலாமே என்றால் அதற்கு மறுபடி பணம், எடை.

ஷோரூமில் எட்டு லட்ச ரூபாய்க் காரைக் காட்டி ‘இதுவும் ஹைபிரிட்தான்’ என்றார்களே?

எனக்கும் சொன்னார்கள். ரெசிடென்சி ரோடு பக்கம் ஒரு விற்பனைக் கூடத்தில், கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ‘ஸ்மார்ட்’ என்ற சொல்லை ஐந்து நிமிடத்தில் ஏழு முறை சொன்னார். நிறுத்தி வைத்து ஒன்றே ஒன்று கேட்டேன்: “எஞ்சின் ஓடாமல் இந்தக் கார் பத்தடி நகருமா?” மேலாளரைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வரவில்லை.

நகராது. அது மைல்ட் ஹைபிரிட். ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் சற்றுப் பெரிய மோட்டார் ஒன்றை பெல்ட்டில் மாட்டியிருப்பார்கள். சிக்னலில் எஞ்சினை நிறுத்திக் கிளப்பும், வேகமெடுக்கும்போது லேசாகக் கை கொடுக்கும். மாருதி 2015-இல் சியாஸ் காரில் கொண்டுவந்தது இந்த வகைதான். மோசமான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். மலிவு, பலனும் அதற்கேற்ற அளவு. பெயரைத்தான் பெரியதாக வைத்துவிட்டார்கள்.

அரசு வரியைக் குறைத்தால் வந்துவிடாதா?

ஓரளவு வரும். நம் நாட்டில் வரி எப்போதும் ஹைபிரிட்டை ஓரக்கண்ணால்தான் பார்த்திருக்கிறது. மின்சார, ஹைபிரிட் வாகனங்களை ஊக்குவிக்க 2015-இல் தொடங்கிய ஃபேம் திட்டத்தில் மைல்ட் ஹைபிரிட்டுக்கும் மானியம் கிடைத்தது. 2017-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதே 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நடுத்தர, பெரிய ஹைபிரிட்டுக்கு 28 சதவீத வரியும் அதற்கு மேல் செஸ் என்ற 15 சதவீதக் கூடுதல் வரியும் விழுந்தன, மொத்தம் 43. மின்சாரக் காருக்கு 12, அதுவும் 2019 ஆகஸ்டில் 5 ஆகக் குறைந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய்விட்டது. நாலு மீட்டருக்கு உட்பட்ட சின்னப் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், பெரியதற்கு 40. மின்சாரத்துக்கு அதே 5. அப்போது இங்கே விற்பனையில் இருந்த ஸ்டிராங் ஹைபிரிட் அனைத்தும் நாலு மீட்டரைத் தாண்டியவை, ஆகவே 40. சாதாரண பெரிய காருக்கும் 40. முன்பு செஸ்ஸில் இருந்த கொஞ்சநஞ்சச் சலுகையும் கரைந்துபோனது. உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்டிராங் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. நம் கர்நாடகத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரியே 17, 18 சதவீதம். ஹைபிரிட்டின் கூடுதல் விலைக்கும் சேர்த்து அந்த வரியைக் கட்டுகிறோம். டொயோட்டாவின் பிடதி தொழிற்சாலையிலிருந்து அல்சூருக்கு நாற்பது கி.மீ. கூட இல்லை. ஹைக்ராஸும் ஹைரைடரும் கிராண்ட் விட்டாராவும் தயாராவது அங்கேதான். வழியில் தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். வரி மட்டும் தூரத்துக் கணக்கு பார்ப்பதில்லை.

டொயோட்டா காப்புரிமையை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தடுக்கிறதா?

ஒரு காலத்தில் அது பெரிய தடைதான். 2019 ஏப்ரலில் ஏறத்தாழ 24,000 காப்புரிமைகளை 2030 முடியக் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று டொயோட்டாவே அறிவித்துவிட்டது. ஹோண்டா வேறு வழியில் சொந்தமாகவே செய்தது; 2022-இல் வந்த சிட்டி ஹைபிரிட்டில் நகருக்குள் எஞ்சின் பெரும்பாலும் மின்சாரம் தயாரிக்க மட்டுமே ஓடும். செய்முறை தெரியாமல் யாரும் நிற்கவில்லை.

டாடாவும் மஹிந்திராவும் ஏன் பக்கமே வரவில்லை?

அவர்கள் பணத்தை மின்சாரக் கார்களில் போட்டார்கள். 40 சதவீத வரிப் பொருளையும் 5 சதவீத வரிப் பொருளையும் அருகருகே வைத்தால் முதலாளி எதைத் தேர்ந்தெடுப்பார்? இருவழியிலும் பணம் போட எல்லோராலும் முடியாது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. சார்ஜர் மாட்ட இடமில்லாத அடுக்குமாடிகளும் சந்துகளும் நிறைந்த ஊரில் ஹைபிரிட் பொருத்தமான பொருள்.

டீசல் ஹைபிரிட்?

டீசல் எஞ்சினே விலை அதிகம். அதன் மேல் மோட்டாரும் பேட்டரியும் என்றால் இரட்டைச் செலவு. பெஜோ ஐரோப்பாவில் செய்து பார்த்துக் கைவிட்டது.

என் பழைய காரில் மாட்டிக்கொள்ள முடியுமா?

புனேயில் கேபிஐடி கம்மின்ஸ் 2010-இல் ‘ரெவோலோ’ என்று அப்படி ஒரு தொகுப்பை அறிமுகம் செய்தது. பேச்சு பெரிதாக இருந்தது. தெருவில் ஒரு காரிலும் நான் பார்த்ததில்லை. ஆசையை விட்டுவிடுங்கள்.

டிக்கி சின்னதாமே?

ஆம், இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. சாதாரண ஹோண்டா சிட்டியின் டிக்கி 506 லிட்டர், ஹைபிரிட்டில் 306. கிராண்ட் விட்டாராவிலும் இதே கதை. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு ஒரு மூட்டை அரிசி, இரண்டு பெட்டி, கரும்புக் கட்டு என்று திரும்பும் குடும்பம் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். நான் அளவெடுக்காமல் வாங்கிவிட்டேன். இப்போது கரும்பு மைத்துனர் காரில் வருகிறது.

பேட்டரி போனால் லட்சக்கணக்கில் செலவாமே?

டொயோட்டாவும் மாருதியும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகின்றன. பேட்டரியை முழுதாக நிரப்பாமலும் முழுதாக வற்றவிடாமலும் கணினி நடுவிலேயே வைத்திருப்பதால் அது எளிதில் சாவதில்லை. கவலைப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு.

ஒன்று, பேட்டரி மூச்சுவிடும் துவாரம். பல கார்களில் பின் இருக்கைப் பக்கம் ஒரு சல்லடை இருக்கும். காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை அதன் வழியாக இழுத்துத்தான் பேட்டரி சூடு தணிகிறது. நண்பர் ஒருவரின் காரில் திரையில் எச்சரிக்கை வந்தது. சல்லடையைக் கழற்றினேன். கம்பளி போல அப்பிய தூசி. அதற்குள் ஆயுத பூஜைப் பொரி ஒரு கைப்பிடி, ஒரு சம்பங்கி இதழ். தட்டிச் சுத்தம் செய்து மாட்டியதும் எச்சரிக்கை போய்விட்டது. செலவு பூஜ்யம்.

இரண்டாவது, எல்லாக் கார்களிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. ஹைபிரிட்டிலும் அது உண்டு; கணினிகளை எழுப்புவது அதுதான். அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் அசையாது. ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து வாரம் ஒருமுறை ‘ரெடி’ விளக்கு எரியும்படி அரை மணி விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

ஆயுத பூஜை என்றதும் நினைவு வருகிறது: எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்துவிட்டு எஞ்சின் சத்தம் கேட்டதும் விலகலாம் என்று நிற்காதீர்கள். சத்தமே வராது. எங்கள் புரோகிதர் ஒரு துள்ளுத் துள்ளினார்.

மழை வெள்ளத்தில் ஷாக் அடிக்குமா?

2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை ஏரியானபோது எல்லோரும் கேட்டார்கள். உயர்மின் சுற்று கார் உடலோடு தொடர்பில்லாமல் தனியாக மூடப்பட்டிருக்கிறது. கசிவு தெரிந்தால் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் துண்டித்துவிடும். ஆனால் மூழ்கிய ஹைபிரிட்டைக் கிளப்பிப் பார்க்காதீர்கள், ஆரஞ்சுக் கம்பியைத் தொடாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

நாள் முழுவதும் நகருக்குள்ளேயே ஓட்டும் டாக்சிக்காரருக்குத்தானே இது மிகவும் லாபம்?

தர்மபுரிக்காரர் ஒருவர் அல்சூர் ஏரிக்கரையில் தன் சிஎன்ஜி காரை நிறுத்தியிருப்பார். அவரிடம் இதே உற்சாகத்தோடு பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கைப்பேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். கிலோ 90 ரூபாய் என்று வைத்தாலும் கிலோவுக்கு 20 கி.மீ. ஓடுகிறது, கி.மீ.க்கு நாலரை ரூபாய். என் ஹைபிரிட்டுக்கு ஐந்து ரூபாய். அதற்கு மேல் காரின் விலை அவருடையதைப் போல இரண்டு மடங்கு; வங்கிக் கடனுக்கு வட்டி வேறு.

நான் விடவில்லை. “கேஸ் பங்க் வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்கிறீர்களே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா?” என்றேன்.

“அந்த நேரத்தில்தான் சார் தூங்குகிறேன்” என்றார்.